கழுத்துப் பெல்ட்டும் கரும்புத் தொட்டிலும்

திருப்பூரில் உடம்புக்கு முடியாமல் போவதாக இருந்தால் சீசன் பார்த்துத்தான் போக வேண்டும். ஷிப்மெண்ட் நெருங்கும் நேரத்தில் காய்ச்சல் வந்தால் அது காய்ச்சல் அல்ல, துரோகம். கருத்தம்மாவின் கழுத்துக்கு இந்த நியாயம் தெரியவில்லை. ஆர்டர் குவிந்து கிடந்த ஒரு மார்கழியில்தான் அது வலிக்க ஆரம்பித்தது. அப்போது அவள் மகள் ஆஷாவுக்கு ஒரு வயது நிறைந்திருந்தது.

கருத்தம்மா சாத்தூர்ப் பக்கத்துக்காரி. கல்யாணமான கையோடு புருஷன் பெருமாள்சாமியுடன் வந்து ராயபுரத்தில் ஒட்டி ஒட்டி நின்ற லைன் வீடுகளில் ஒன்றில் குடியேறினாள். பனியன் கம்பெனியில் அவன் அயர்ன் மாஸ்டர், இவள் ஓவர்லாக் டெய்லர். முதுகு சாய வழியில்லாத ஸ்டூல், நிமிராத தலை, தினமும் ஒன்றரை ஷிப்ட். கைவேகத்தில் அவளை மிஞ்ச அந்த கம்பெனியில் ஆள் இல்லை. அந்தப் பெருமை கழுத்தை ஒரு நாளும் நிமிர விடவில்லை.

ஆஷா சும்மா வந்த பிள்ளை இல்லை. கல்யாணமாகி வெகுநாள் வயிறு திறக்காமல் இருந்தபோது, செக்கிங்கில் வேலை பார்த்த தெய்வாத்தாள் அவளை அவிநாசிபாளையம் தாண்டி ஒரு மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனாள்.

"பொறக்கற புள்ளைக்குக் கரும்புத் தொட்டில் எடுக்கறேன்னு வேண்டிக்க கண்ணு. ஆத்தா கைவிட மாட்டா" என்றாள்.

கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, மஞ்சள் சேலையைத் தொட்டிலாகத் தொங்கவிட்டு, உள்ளே பிள்ளையைக் கிடத்துவார்கள். முன்முனை அப்பன் தோளில், பின்முனை பெற்றவள் தோளில். அப்படியே கோயிலைச் சுற்றி வர வேண்டும். கருத்தம்மா கண்ணீரோடு வேண்டிக்கொண்டாள், ஆத்தாவும் கொடுத்துவிட்டாள். நேர்த்திக்கடனைத் தீர்க்கப் போகிற நேரத்தில்தான் கழுத்து பிடித்துக்கொண்டது.

சுளுக்கு எடுத்தார்கள். தைலம் தேய்த்தார்கள். சனிக்கிழமை தோறும் ஊசி போட்டுக்கொண்டாள், திங்கட்கிழமை வலி திரும்ப வேலைக்கு வந்துவிடும். கடைசியில் ஒரு டாக்டர் கழுத்துக்குப் பெல்ட் மாட்டி அனுப்பினார். அதோடு போய் மெஷினில் உட்கார்ந்தவளைப் பார்த்துவிட்டு காண்ட்ராக்டர் அங்கமுத்து மெல்ல வந்தார்.

"ஏனுங் அம்மிணி, கழுத்துல பட்டையக் கட்டீட்டு உக்காந்தீங்கன்னா பாக்கறவிய என்ன நெனைப்பாங்க? நல்லா ஆனப்பறம் வாங்களேன்."

கொங்கு நாட்டில் வேலையை விட்டு நிறுத்துவதைக்கூட 'ங்க' போட்டுத்தான் சொல்வார்கள். கருத்தம்மாவுக்குப் புரிந்துபோயிற்று. மறுநாள் முதல் கம்பெனி கேட் வந்ததும் பெல்ட்டைக் கழற்றி, சாப்பாட்டுக் கூடைக்குள் தூக்குவாளிக்கு அடியில் திணித்துவிடுவாள். நாளெல்லாம் வெறுங்கழுத்தோடு குனிந்து தைப்பாள். சாயங்காலம் வீட்டு வாசலில் எடுத்து மாட்டிக்கொள்வாள். புத்திசாலித்தனம் என்றே நினைத்தாள். அந்த கம்பெனியில் அப்படிப் பெல்ட்டை ஒளித்து வைத்த கூடைகள் இன்னும் சில இருந்தன.

ஆக, கம்பெனிக்குத் தெரிந்த கருத்தம்மா வலியே இல்லாதவள். ஆஷாவுக்குத் தெரிந்த அம்மாவுக்கோ பெல்ட் இல்லாத கழுத்தே கிடையாது. சாயங்காலம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வரும் பிள்ளையிடம், "தூக்க முடியாதும்மா, கழுத்து வலிக்கும்" என்பாள். ஒருநாள் ஆஷா பின்னாலிருந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கியபோது உயிர் போகிற வலியில் அலறி, அந்தச் சின்னக் கையில் ஓங்கி அடித்துவிட்டாள். அதற்குப் பிறகு ஆஷா தொங்கவில்லை. சமர்த்துப் பிள்ளை என்று லைன் வீட்டில் எல்லோரும் மெச்சினார்கள். பாவி, கருத்தம்மாவும் அதில் பெருமைப்பட்டாள்.

வருஷா வருஷம் மாரியம்மன் கோயிலில் திருவிழா சாட்டும்போது பெருமாள்சாமி கேட்பான்.

"இந்த வருசமாவது தொட்டில் எடுத்துருவமா?"

"கழுத்து சரியாகட்டுங்க. பாதியில கீழ போட்டுட்டா என்ன செய்ய?"

"தெய்வாத்தாளக்காவ ஒரு முனை பிடிக்கச் சொல்லுவோம்."

"நான் பெத்த பிள்ளைய இன்னொருத்தி தூக்கவா? நானே தூக்குவேன்."

இந்த வீம்புக்கு ஒன்றும் குறைச்சலில்லை. பிள்ளை மட்டும் வளர்ந்துகொண்டே போனது.

பிறகு ஒருநாள் மெஷின் ஊசி அவள் விரலில் ஏறியது. துணியில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. கை அந்த அளவுக்கு மரத்துப் போயிருந்தது. பெருமாள்சாமி பயந்துபோய், ஒரு பிசியோதெரபி அம்மாவிடம் கூட்டிப் போனான். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பார்த்தார்.

"மழையில நனைஞ்சுட்டு வந்து ஊட்டுக்குள்ள குடை விரிச்ச கதையா இருக்குதுங்க. பெல்ட்டுனால கழுத்து தேறாதுங்க. ஓவர்டைம விடுங்க. அடிக்கடி எந்திரிச்சு நடங்க. நான் சொல்றத தெனமும் செய்யுங்க."

கருத்தம்மா செய்தாள். சுவரில் முதுகை ஒட்டி நின்று தாடையை உள்ளே இழுத்தாள், தோளைச் சுழற்றினாள், விடியலில் நொய்யல் பாலம் வரை நடந்தாள். ஒரு ஷிப்டோடு எழுந்து வந்தாள். அங்கமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டபோது வேறு கம்பெனி பார்த்தாள். அவள் கைவேகத்துக்கு எங்கேதான் வேலை கிடைக்காது? இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வலி வந்ததுபோலப் போகவில்லை, மெல்ல மெல்ல விலகியது. வானத்தில் பறவை போனால் அண்ணாந்து பார்க்க முடிந்தது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றிப் படி ஏறினாள். அன்றைக்குப் பெல்ட்டைக் குப்பையில் வீசிவிட்டு, "ஏங்க, இந்த வருசம் தொட்டில் எடுப்போம்" என்றாள். ஆஷா அப்போது இரண்டாம் வகுப்பு.

கோயிலில் தெய்வாத்தாள் கரும்பைக் கட்டி, மஞ்சள் சேலையை இரட்டையாக மடித்துத் தொங்கவிட்டாள். கருத்தம்மா இரண்டு கையையும் விரித்தாள்.

"வாம்மா. அம்மா தூக்கி உக்கார வைக்கேன்."

ஆஷா ஓர் அடி பின்னால் போனாள். அவள் கண் அம்மாவின் முகத்தில் இல்லை, கழுத்தில் இருந்தது.

"வேண்டாம்மா. உனக்குக் கழுத்து வலிக்கும்."

"இப்ப வலிக்கலடி. அம்மாவுக்கு எல்லாம் சரியாப் போச்சு."

"தூக்குனா வலிக்கும். நீ கத்துவ."

பெருமாள்சாமி கெஞ்சினான். தெய்வாத்தாள் மிட்டாய் காட்டினாள். பிள்ளை அப்பனின் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு விசும்ப ஆரம்பித்தது. பூசாரி பொறுத்துப் பார்த்துவிட்டு, "புள்ளைய அழுக வெக்காதீங்க. ஒரு தேங்காய வெச்சுச் சுத்துங்க, ஆத்தா ஏத்துக்குவா" என்றார்.

சேலைக்குள் தேங்காயை வைத்தார்கள். முன்முனையைப் பெருமாள்சாமியும் பின்முனையை கருத்தம்மாவும் தோளில் வாங்கிக்கொண்டு நடந்தார்கள். கொட்டு முழங்கியது. பாதிச் சுற்றில் ஆஷா ஓடி வந்து, எக்கி நின்று, அம்மாவின் தோளருகே கரும்புக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கினாள்.

"நானும் பிடிக்கேன்மா. உனக்கு வலிக்காது."

பிள்ளையின் கனத்தில் அந்தக் கழுத்து வலித்துவிடாதா என்று வாழ்க்கையில் முதல் தடவையாக கருத்தம்மா ஏங்கினாள். அது வலிக்கவே இல்லை.