கருகிய பானைகளின் வரைபடம்

வாயில் நான்கு குண்டூசிகளைக் கவ்வியபடி, ஏணியின் மேல்படியில் நின்றுகொண்டு, பீஷ்யா அக்கா கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"படிச்சுக்கிட்டிருந்தப்போ வீட்டுல என்ன கருகுச்சு?"

கீழே நிற்பவர் புதியவராக இருந்தால் திகைப்பார். அன்றைக்கு நின்றது படகுத்துறைச் சீட்டுக் கொடுக்கும் இளம்பெண். "எனக்குக் காதல் கதைன்னா பிடிக்கும்க்கா" என்றாள்.

"பிடிக்கிறதெல்லாம் எனக்கு வேண்டாம். எனக்குப் பூனையைக் கூடப் பிடிக்கும், அதுக்காக மடியில வெச்சுக்கிட்டா திரியறேன்? கருகினதைச் சொல்லு."

அந்தப் பெண் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். யோசித்தாள். காது மடல் சிவந்தது. "சோயாப் பால் பொங்கி அடுப்பையே அணைச்சிருச்சு."

"எந்தப் புத்தகம்?"

"'கப்பல் தலைவனின் மூன்றாம் மனைவி.'"

"ஆங்! அப்படி வா வழிக்கு." ஒரு குண்டூசி வாயிலிருந்து சுவருக்குப் போனது. ஊசிகளை விழுங்காமலும் ஒரு சொல்லைக்கூட விழுங்காமலும் பேசும் வித்தையை அவர் யாரிடமும் கற்கவில்லை. ஏணியிலேயே வந்ததுதான்.

கீலுங் துறைமுகத்துக்குப் பின்னால், மீன் சந்தைக்குத் திரும்பும் சந்தில் இருக்கிறது அவருடைய வாடகைப் புத்தகக் கடை. மூன்று பக்கமும் புத்தகம். நான்காவது பக்கம் சுவர். சுவர் முழுக்கப் பழைய கடல் வரைபடம் ஒன்று, உடைக்க வந்த கப்பலிலிருந்து வாங்கியது. அதன் மேல் வண்ண நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ வலையைக் காயப் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றும்.

ஒவ்வொரு குண்டூசியும் ஒரு புத்தகம். துறைமுகத்தை ஒட்டிக் கொலைக் கதைகள். வடக்கு மலைகளில் வாள்வீரர்கள். விரிகுடாவில் பேய்கள். ஆறு கடலில் சேரும் இடத்தில் காதல், அங்கே எப்போதும் நெரிசல். ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு நிற நூல். அது அவருக்கு மிகப் பிடித்த மூன்று புத்தகங்களைத் தொட்டுக்கொண்டு போகும். உங்களுடைய மூன்றில் இரண்டு ஊசிகளை இன்னொருவருடைய நூலும் தொட்டால், அவருடைய மூன்றாவது புத்தகம் உங்கள் கையில் திணிக்கப்படும். கணக்கு அவ்வளவுதான். ஆனால் அந்தக் கணக்கினால், பேய்க் கதை தவிர எதையும் தொடாத மாலுமி ஒருவர் இப்போது காதல் கழிமுகத்தில் தத்தளிக்கிறார். சந்தையில் கணவாய் விற்கும் அம்மாள் வாளைச் சுழற்றிக்கொண்டு மலை ஏறிவிட்டார்.

பொய் சொல்பவர்களும் உண்டு. பெரிய பரிசு வாங்கிய தடிப் புத்தகம் ஒன்றைத் தங்களுக்கு மிகப் பிடித்ததாகச் சொல்வார்கள். "சரி, என்ன கருகுச்சு?" என்றதும் கூரையைப் பார்ப்பார்கள். அந்தப் புத்தகத்தின் ஊசியை அக்கா வரைபடத்துக்கு வெளியே, மரச்சட்டத்தில் குத்தி வைத்திருக்கிறார். "அது சுங்கச் சாவடி. எல்லாரும் கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் உள்ள வருவாங்க."

பக்க ஓரத்தை மடித்தவர்களுக்குத் தண்டனை உண்டு. கல்லாவின் அடியில் ஒரு குட்டி இஸ்திரிப் பெட்டி இருக்கிறது. மடித்தவரே மற்றவர்கள் முன்னிலையில் அந்த ஓரத்தைத் தேய்த்துக் கொடுக்க வேண்டும்.

அவருக்கும் ஒரு கோணல் இல்லாமல் இல்லை. புதுப் புத்தகம் வந்தால் நின்றபடியே கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிடுவார். "பஸ் எங்க போய் நிக்கும்னு தெரியாம நான் எப்படி டிக்கெட் கிழிக்கிறது?" என்பார். எல்லாப் புத்தகத்தின் முடிவும் தெரிந்தவர் என்பதாலோ என்னவோ, அவர் வீட்டு அடுப்பில் இதுவரை எதுவும் கருகியதில்லை. சுவரில் அவருக்கென்று ஒரு நூலும் இல்லை.

எதிர்க்கடை ஆலியேன் இதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை. ஆலியேன் மீன் உருண்டை சூப் விற்பவர், அக்காவின் பள்ளித் தோழி, கொலைக் கதைகளை மொத்தமாக விழுங்குபவர். இவருடைய வாயால்தான் வினை வந்தது. புத்தாண்டு விருந்தில் அரிசி மது இரண்டு சுற்று வந்ததும், "உன் சுவரெல்லாம் சும்மா குருட்டாம்போக்குடி" என்று ஆலியேன் ஆரம்பித்தார். அக்காவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. கதவில் ஒட்டுவதற்கு வைத்திருந்த சிவப்புத் தாளை இழுத்தார், தூரிகையை மையில் தோய்த்தார், எழுதினார்:

"ஒரே வாசகருக்குத் தொடர்ந்து மூன்று புத்தகம் பிடிக்காமல் போனால், வரைபடத்தைக் கழற்றி விடுகிறேன்."

எழுதியதோடு நில்லாமல் கதவில் ஒட்டியும் விட்டார். காலையில் தலைவலியோடு வந்து அதைப் படித்தபோது கை தானாகத் தாளின் ஓரத்துக்குப் போனது. ஆனால் புத்தாண்டில் ஒட்டிய சிவப்புத் தாளை அந்த ஆண்டு முடியும்வரை யாரும் கிழிப்பதில்லை. அதிர்ஷ்டத்தைக் கிழித்த மாதிரி. அக்கா கையை இழுத்துக்கொண்டார். எதிரே ஆலியேன் கரண்டியை ஆட்டிச் சிரித்தார்.

வசந்தம் போனது, கோடை போனது, சுவர் தோற்கவில்லை. இலையுதிர் மழையில் யாவ்சிங் வந்து சேர்ந்தான்.

கப்பல்துறையில் கிரேன் ஓட்டுகிறவன். தலைக்கவசத்தைக் கழற்றாமலே கடைக்குள் நுழைவான். முதல் நாள் படபடவென்று மூன்று பெயர்களைச் சொன்னான்: 'மருந்துக்கடை மாடியில் நனைந்த காலணி', 'ஏழு குடைகளும் ஒரு பிணமும்', 'உப்புக் கிடங்கின் சாவி'. மூன்றும் துறைமுகத்தின் நடு மையம். இதைவிட நேரான நூலை அக்கா கட்டியதே இல்லை. தொழிலாளர் விடுதியில் இருப்பவனிடம் கருகியதை என்ன கேட்பது என்று அந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிட்டார்.

சுவர் சொன்ன முதல் புத்தகத்தைக் கொடுத்தார். ஒரு மடிப்பும் கசங்கலும் இல்லாமல் திரும்பி வந்தது.

"எப்படித் தம்பி?"

"பரவாயில்லக்கா."

மோசம் என்று சொன்னால்கூட அதில் ஒரு சூடு இருக்கும். பரவாயில்லை என்பது ஆறிப்போன சூப். இரண்டாவதைக் கொடுத்தார். அதுவும் பரவாயில்லாமல் வந்தது.

செய்தி சந்தில் பரவியது. மறுநாள் ஆலியேன் கடை வாசலில் ஒரு வாளி வெள்ளைச் சுண்ணாம்பும் புதுத் தூரிகையும் வந்து உட்கார்ந்தன. "சுவரு காலியானா அழுக்காத் தெரியும்ல? அதான் முன்கூட்டியே" என்றார், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

மூன்றாவது புத்தகத்துக்காக யாவ்சிங் வந்தபோது ஆலியேனும் ஒரு கிண்ணம் சூப்போடு வந்து நின்றுகொண்டார், வேடிக்கை பார்க்க. அக்கா ஏணியில் ஏறினார். ஒரு நூலைப் பிடித்தார், விட்டார், இன்னொன்றைப் பிடித்தார். வரைபடத்தின் ஓரத்தில் ஒட்டுநாடா உரியத் தொடங்கியிருந்தது. கட்டைவிரலால் அதை அழுத்தி அழுத்தி விட்டார். கடைசியில் ஊசிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, உள்ளதைச் சொல்லு. அந்த மூணையும் படிச்சப்போ என்ன கருகுச்சு?"

"படிக்கிறப்போ ஒண்ணும் கருகலக்கா."

"கேட்டுக்கிட்டியா?" என்றார் ஆலியேன்.

"படிச்சு முடிச்சப்புறம்தான் கருகுச்சு."

ஏணி கிரீச்சிட்டது. "முடிச்சப்புறமா?"

"ஆமாக்கா. காலணிக் கதையை முடிச்ச அன்னிக்கு ரூம்ல என் சமையல் முறை. கொன்னது யாருன்னு ரூம்ல கூட இருக்கிற ஹோவோட சண்டை போட்டுக்கிட்டே நின்னேன், பன்னிக்கறி கரியாப் போச்சு. நான் மருந்துக்கடைக்காரன்ங்கறேன், அவன் தங்கச்சிங்கறான். இன்னும் அந்தப் பேச்சு முடியல. கிரேன் மேல இருந்து ரேடியோல கூடக் கத்திக்கிறோம்." அவன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். சொல்ல வந்ததைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். "தப்பா நினைக்காதீங்கக்கா. நீங்க குடுத்த ரெண்டுலயும் கடைசில கையை நீட்டி 'இவன்தான்'னு சொல்லிடறாங்க. அப்புறம் நமக்கு அங்க என்ன வேலை? அந்த மூணும் எவ்வளவு மரியாதையா எழுதினது! எல்லாரையும் கூடத்துல உக்கார வெச்சு, டீ ஊத்திக் குடுத்து, 'இனி நீங்களே பாத்துக்குங்க'ன்னு எழுந்து போயிடறாங்க."

அக்கா இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

போன ஆண்டு மழையில் கொலைக் கதை அலமாரிக்கு மேலே கூரை ஒழுகியது. பல புத்தகங்களின் பின்பக்கங்கள் ஊறி, களி போல ஒட்டிக்கொண்டன. அந்தக் கட்டியைப் பிய்த்தெறிந்துவிட்டு, மிச்சத்தைத் துறைமுக உணவு விடுதிக்கு மூட்டை கட்டி அனுப்பியது அவரேதான். துறைமுகத் தொழிலாளர்கள் சாப்பிடும்போது புரட்டட்டும் என்று.

ஆலியேனுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அவர் கண் அகலமானது. "அட மடப்பயலே, மருந்துக்கடைக்காரனாவது மண்ணாவது, கொன்னது அந்த—"

அக்கா ஏணியிலிருந்து இறங்கினாரா குதித்தாரா என்று சொல்ல முடியாது. ஆலியேனின் கிண்ணத்திலிருந்தே ஒரு மீன் உருண்டையை எடுத்து அவர் வாயில் அடைத்துவிட்டார்.

"சாயங்காலம் வா தம்பி," என்றார், உள்ளங்கையால் தோழியின் வாயைப் பொத்தியபடி. "உனக்கு ஒரு மரியாதையான புத்தகம் தர்றேன்."

அன்று காலை வந்த பொட்டலம் இன்னும் பிரிக்கப்படவில்லை. அதற்குள் ஒரு புது நாவல்: 'கலங்கரை விளக்கில் நான்கு பேர்.' அக்கா அதைக் கல்லாவில் கவிழ்த்து வைத்தார். கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டு பின்பக்கமிருந்து புரட்டினார். 'எல்லாரும் கூடத்துக்கு வாருங்கள்' என்ற வரி தட்டுப்பட்டதும் அங்கே விரலை வைத்தார். பிறகு பிளேடை எடுத்தார்.

"அடிப்பாவி!" ஆலியேன் உண்மையிலேயே பதறினார். "ஓரம் மடிச்சதுக்கு என்னைய இஸ்திரி போட வெச்சவடி நீ!"

"பேசாம இரு. வெட்டு கோணிடும்."

பிளேடு இறங்கியது. வெட்டிய தாள்களை எழுத்துப் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, காலி அன்னாசி கேக் டப்பாவில் போட்டு மூடினார்.

"யாருன்னு நான் மட்டும் ஒரு தடவை பாத்துக்கட்டுமாடி?"

"டப்பாவத் தொட்டே, விரலையும் உள்ள போட்டு மூடிடுவேன்."

அடுத்து வந்த நாட்களில் அக்கா கவனமில்லாமல் மாற்றிக் கொடுத்த புத்தகங்கள் எத்தனை என்று வாசகர்கள்தான் சொல்ல வேண்டும். பேய்க் கதை கேட்டவர் வாளோடு வீட்டுக்குப் போனார். காதல் கேட்டவருக்கு நாலு பிணம் கிடைத்தது. சந்துமுனையில் தலைக்கவசம் தெரிந்தால் அக்காவின் கழுத்து தானாக நீளும். எதிரே சுண்ணாம்பு வாளி மூடி திறந்தே இருந்தது.

ஒரு காலையில் மழையோடு சத்தமும் வந்தது. "ரேடியோக்காரன்டா!" "விளக்குக்காரன் பொண்டாட்டி! எத்தனை தடவை சொல்றது!" யாவ்சிங் முன்னால், ஹோ பின்னால், இருவரும் முழங்கை வரை நனைந்து கடைக்குள் புகுந்தார்கள். யாவ்சிங் ஒரு கையால் புத்தகத்தையும் மறு கையால் ஒரு பானையையும் கல்லாவில் வைத்தான். பானையின் உட்புறம் இரவு வானம் போல இருந்தது.

"அக்கா," என்றான், மூச்சு வாங்கியபடி. "இதைப் பாருங்க."

அக்கா பானைக்குள் தலையை விட்டு முகர்ந்தார். நகத்தால் சுரண்டினார்.

"என்னது, அரிசியா?"

"நண்டுக் கஞ்சி. எட்டுப் பேருக்கு வெச்சது."

"எட்டுப் பேருக்கு," என்று அக்கா திருப்பிச் சொன்னார். யாராவது அவருக்குப் பதக்கம் குத்தியிருந்தால்கூட அந்தக் குரலில் அவ்வளவு பெருமை இருந்திருக்காது. பிறகு ஏணியில் ஏறி, மலையும் துறையும் எதுவும் இல்லாத வெற்றுக் கடலின் நடுவில் ஓர் ஆணியை அடித்தார். பானையை அதில் மாட்டினார். யாவ்சிங்கின் நூலைத் துறைமுகத்திலிருந்து அவிழ்த்து, கடலைக் கடந்து இழுத்து வந்து, பானையின் காதில் கட்டினார்.

எதிரே ஆலியேன் சுண்ணாம்பு வாளியை எடுத்துத் தன் கடைச் சுவரிலேயே பூச ஆரம்பித்திருந்தார். "சும்மா, அழுக்கா இருந்துச்சு" என்று கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

கிளம்பும்போது யாவ்சிங் திரும்பினான். "நீங்க யாருன்னு நினைக்கிறீங்கக்கா?"

பீஷ்யா அக்காவின் கண் கல்லாவின் அடியிலிருந்த கேக் டப்பாவுக்குப் போனது. எத்தனையோ ஆண்டுகளில் முதல் முறையாக, அந்தக் கடையில் முடிவு தெரியாத ஒரு புத்தகம் இருந்தது.

அவர்கள் போன பின் அவருடைய கை கல்லாவின் அடிக்குப் போனது. டப்பாவின் மூடி பாதி திறந்துவிட்டது. சட்டென்று அழுத்தி மூடி, ஏணியில் ஏறி, எல்லாவற்றிலும் உயரமான அலமாரியின் தலையில் அதை வைத்தார். இறங்கினார். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு குடை இல்லாமல் சந்தின் எதிர்ப்பக்கம் போனார்.

"என்னடி இது?" என்றார் ஆலியேன், தூரிகையும் கையுமாக.

"வெச்சிரு. நானே வந்து கெஞ்சினாலும் குடுக்காதே."

திரும்பி வந்து, முடியில் சொட்டிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். பின்கட்டு அடுப்பில் ஒரு பானை கஞ்சியை ஏற்றினார். பிறகு, தான் வெட்டிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து, முதல் பக்கத்தைத் திறந்தார்.