சிங்கராசாவின் சனிக்கிழமைகள்

பேசாலையில் படகு எஞ்சின் திருத்துகிற சிங்கராசாவைக் குடிகாரன் என்று சொன்னால் பதில் தயாராக இருக்கும். "தவக்காலம் நாற்பது நாளும் ஒரு துளி தொட்டனானோ? குடிகாரன் எண்டால் அது ஏலுமோ?"

உண்மைதான், தொடமாட்டார். உயிர்ப்பு ஞாயிறுப் பூசை முடிந்ததும் ஆண்டவரோடு சேர்ந்து அவருடைய தாகமும் உயிர்த்தெழும். மற்ற மாதங்களில் குடிக்காமல் இருக்க அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தி, மாதாவுக்கு ஒரு நேர்த்தி. ஒவ்வொன்றுக்கும் முடிவுத் தேதி உண்டு. அந்தத் தேதியை மட்டும் எந்த வெறியிலும் மறந்ததில்லை.

கலியாணத்துக்கு ஏழு கிழமை இருக்கும்போது மகள் டிலோஜினி கேட்டாள். அவள் பள்ளிக்கூட ரீச்சர். வீட்டிலும் அதே குரல்தான்.

"அப்பா, கோயில் வாசலில இருந்து பீடம் வரைக்கும் என்னைக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறது நீங்களோ, கொலின்ஸ் மாமாவோ?"

கொலின்ஸ் அவருடைய மச்சான். இருவருக்கும் நல்லநாளிலேயே பேச்சில்லை.

"இதென்ன கேள்வி? நான்தான்."

"அப்ப சனிக்கிழமை நாலு மணிக்கு மன்னார் ரவுணில, பழைய சந்தைப் பக்கம், குடியை விடுற ஆக்களின்ர கூட்டம் நடக்குதாம். ஆஸ்பத்திரியில கேட்டனான். கலியாணம் வரைக்கும் ஒவ்வொரு சனியும் போங்கோ. ஒண்டு தவறினாலும் மாமாதான்."

"அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தி வைக்கிறன், பிள்ளை."

"அவரைக் கொஞ்சம் ஆறவிடுங்கோ அப்பா. களைச்சுப் போனார்."

சனிக்கிழமை மன்னாரில் பஸ்ஸால் இறங்கி ஓட்டோவில் ஏறினார். எங்கே என்று சொல்ல நா எழவில்லை. ஓட்டோக்காரன் கேட்கவுமில்லை, தெரிந்த முகமாச்சே. நேரே கொண்டுபோய்ச் சாராயக் கடை வாசலில் இறக்கிவிட்டான்.

அந்தக் கடைக்கு லைற் போட்ட பலகை, சந்தியிலிருந்தே தெரியும். அனுமதி கொடுத்து வரியும் வாங்குகிற நாட்டுக்கு, குடியிலிருந்து வெளியேறும் வழியைக் காட்ட ஒரு பலகை எழுதப் பெயின்ற் கிடைக்கவில்லை. ஊரும் அப்படித்தான். குடித்துவிட்டு வேலியோரம் கிடப்பவனைத் தூக்கி வந்து வீட்டில் விடும். குடியை விடப் போகிறவனைக் கண்டால்தான் வாயில் கை வைக்கும்.

சிங்கராசா அந்தப் பலகைக்குக் கீழே ஐந்து நிமிடம் நின்றார். பிறகு, பீடத்தை நோக்கிக் கொலின்ஸ் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற காட்சி மனதில் வர, திரும்பி நடந்தார். பழைய சந்தைக்குப் பக்கத்தில் வஸீரின் எஞ்சின் சாமான் கடை. மாதாமாதம் போகிற கடைதான்.

"வஸீர், இஞ்ச கிட்டடியில ஏதோ காப்புறுதிக் கூட்டமாம்..."

வஸீர் மணிக்கூட்டைப் பார்த்தார். "மேல் மாடியில. நாலு வருசமா நடக்குது."

"காப்புறுதியோ?"

"நீங்க தேடுற கூட்டம். குடிக்கிறது ஊருக்கே தெரியும் அண்ணை, விடுறதைத்தான் ஒளிக்கிறீங்களோ? செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறுங்கோ."

மேலே வட்டமாகப் பிளாஸ்டிக் கதிரைகள், ஒன்பது பேர், தேத்தண்ணி. கூட்டத்தை நடத்தியவன் பஸ் கொண்டக்டர் றோய். குடியை விட்டு ஐந்து வருசம். சிங்கராசாவின் முறை வந்தது. எழுந்தார், சிலுவை அடையாளம் போட்டார், பாதருக்கு முன்னால் நிற்பதுபோலக் கையைக் கூப்பினார்.

"கடைசியாப் பாவசங்கீர்த்தனம் செய்து எட்டு மாசம்."

ஒருவர் இருமினார். திருத்த வந்த எஞ்சினைக் கழற்றிப்போட்டுவிட்டு மூன்று நாள் மறைந்ததை, டிலோஜினி கோயிலில் முதல்நன்மை எடுத்த அன்று கரையில் வள்ளத்துக்குக் கீழே கிடந்ததை, எல்லாம் சொன்னார். முடித்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"என்ன அண்ணை?" என்றான் றோய்.

"பரிகாரத்தைச் சொல்லு தம்பி. எத்தினை மந்திரம் சொல்லவேணும்?"

"அப்பிடி ஒண்டும் இல்லை. இண்டைக்குக் குடியாதேங்கோ. அடுத்த சனி வாங்கோ."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்கடுத்த சனியும்."

"எப்ப முடியும்?"

"முடியிறதில்லை அண்ணை."

சிங்கராசாவுக்குப் பெரிய ஏமாற்றம். பாதரிடம் என்றால் பத்து மந்திரத்தில் விசயம் முடிந்துவிடும். துடைத்த சிலேட்டுப் பலகையோடு வெளியே வந்து மறுபடி முதலிலிருந்து எழுதலாம். இவர்கள் அவருக்கு ஒரு தேதியைக்கூடக் கொடுக்கவில்லை.

ஆனாலும் போனார். இரண்டாம் கிழமை கை நடுங்கி ஒரு நட்டை இறுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி மருந்தோடு சமாளித்தார். ஐந்தாம் சனி மழை, நனைந்துகொண்டு போனார்.

ஏழாம் சனி காலை கலியாணம். மகளின் கையைப் பிடித்து வாசலிலிருந்து பீடம் வரை நடந்தார். கழுத்துப்பட்டி இறுக்கியதைத் தவிர வேறு தள்ளாட்டம் இல்லை.

மூன்று மணிக்கு விருந்தில் ஆளைக் காணவில்லை.

"நான் அப்பவே சொன்னனான்," என்று கொலின்ஸ் மோட்டார் சைக்கிளை உற்சாகமாக உதைத்தார். சாராயக் கடை, கள்ளுக் கொட்டில், கரையில் வள்ளத்தடி என்று வழக்கமான மூன்று இடமும் பார்த்துவிட்டு முகம் வாடித் திரும்பினார். சிங்கராசாவின் மனைவி செலீனா கண்ணைத் துடைத்தாள். டிலோஜினி மட்டும் நிதானமாகப் படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வஸீரின் மாடியில் கோட்டுச் சூட்டோடு சிங்கராசா எழுந்து நின்றார்.

"பிள்ளை சொன்ன தவணை காலமையோட முடிஞ்சுது, தம்பி. அங்க மேசை எல்லாம் போத்தில். பயத்தில ஓடி வந்தனான்."

"நல்லது அண்ணை. பயந்து வந்த ஆக்கள்தான் இஞ்ச எல்லாரும்," என்றான் றோய். "கோட்டைக் கழட்டிப்போட்டு இருங்கோ, வேர்க்குது."