கண் வரையாத ஆந்தை

வெள்ளைக்காரர்கள் காலத்தில் ஊட்டி பஜாரில் எங்கள் அத்தாவுக்குக் கம்பளிக் கடை. என் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து மேட்டில் சின்ன மியூசியம் ஒன்று இருந்தது. வாராவாரம் அங்கிருந்து ஏதாவது ஒரு பொருளை மரப்பெட்டியில் வைத்து எங்கள் வகுப்புக்கு அனுப்புவார்கள். நாங்கள் அதைப் பார்த்து வரையவேண்டும். வருடக் கடைசியில் ஒரே ஒரு படத்தை மியூசியச் சுவரில் மாட்டுவார்கள். அது என்னுடையதுதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். மற்றவர்களுக்குத்தான் அது தெரியாது.

சங்கும் மண்பானையும் வந்தவரை வீட்டில் தொந்தரவில்லை. கடைசியாக, பாடம் செய்த ஆந்தை ஒன்று வந்தது. பாதி வரைந்த தாளை அத்தா பார்த்துவிட்டார்.

"உசுருள்ளதை வரையக் கூடாது புள்ள. நம்ம மார்க்கத்துல ஆகாது."

"அது செத்துப்போச்சுங்க அத்தா! உள்ள பூராப் பஞ்சுங்க."

அழுதேன், சோறு வேண்டாமென்றேன். என் தொல்லை பொறுக்காமல் அத்தா கடையைப் பூட்டிவிட்டு என்னோடு பள்ளிக்கூடத்துக்கே வந்தார். கம்பளி வாங்கும்போது பார்ப்பதுபோல ஆந்தையின் இறகை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"செத்ததுதான். வரைஞ்சுக்க. ஆனா கண்ணு மட்டும் வெக்கக்கூடாது."

ட்ராயிங் டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். "கண்ணில்லாத ஆந்தையை யார் மாட்டுவாங்க? ரெண்டு வட்டம் போடு, போதும்."

"மாட்டேனுங்க டீச்சர். அத்தாகிட்ட ஒத்துக்கிட்டேனுங்க."

எனக்கு ஒரே ஆத்திரம். கண் போனால் போகட்டும், மற்றதெல்லாம் என் கையில்தானே இருக்கிறது என்று இறகு இறகாக வரைந்தேன். விரல் காய்த்துப்போனது.

மியூசியத்துத் துரை அதைத்தான் எடுத்தார். கீழே 'தூங்கும் ஆந்தை' என்று இங்கிலீஷில் எழுதி மாட்டியும்விட்டார். எனக்குத் திக்கென்றது. தூங்குகிறது என்றால் உயிர் இருக்கிறது என்றல்லவா ஆகிவிடும்! நல்லவேளை, அத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்தால் அத்தா நேராகக் கடைக்கு வருவதில்லை. மேடேறிப் போய் அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நிற்பார். சில நாள் பக்கத்துக் கடைக்காரர்களையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். யாராவது திருட்டுத்தனமாகக் கண் வரைந்துவிட்டார்களா என்று சோதிக்கத்தான் போகிறார் என்று நான் ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.