ஏஜென்சி வேன்

விடுதியில் எல்லோருக்கும் அவன் 'ஸ்டியரிங்'தான். வெளிநாட்டில் கோழி வெட்டும் ஆலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் அவனும் கத்தி பிடிக்கத்தான் வந்தான். வண்டி ஓட்டுவான், அந்த நாட்டு மொழியும் ஓரளவு பேசுவான் என்று தெரிந்ததும் ஏஜென்சி மேனேஜர் அவனை வேனில் உட்கார வைத்தார். ஆட்களை ஏற்றி இறக்குவதும், மேனேஜர் சொல்வதை அவர்களிடம் தமிழில் சொல்வதும் வேலை. வார்த்தைக்கு வார்த்தை 'நம்ம கம்பெனி' என்பான். அந்தத் தெம்பில்தான் மனைவியின் தம்பியையும் வரவழைத்தான்.

ஒருநாள் கோழி நகரும் பெல்ட் மச்சினனின் இரண்டு விரல்களை இழுத்துக்கொண்டது. அவன் எங்கள் ஆளே இல்லை, ஏஜென்சி ஆள் என்றார்கள் ஆலையில். விபத்து ஆலைக்குள் நடந்தது, அங்கே போய்க் கேள் என்றது ஏஜென்சி. ஆளாளுக்குக் கைகழுவ, அவன் ஆஸ்பத்திரியில் நாதியற்றுக் கிடந்தான்.

காயம் ஆறுவதற்குள் மேனேஜர் ஸ்டியரிங்கைக் கூப்பிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லி உன் மச்சினனை விமான நிலையத்தில் விட்டுவிடு, சொந்தக்காரன் சொன்னால் கேட்பான் என்று சிரித்தார். இப்படி அடிபட்ட சிலரை ஸ்டியரிங் முன்பே கொண்டுபோய் விட்டிருக்கிறான். நமக்கென்ன என்று ரோட்டைப் பார்த்து ஓட்டியவன், இன்று பாதி வழியில் வேனை ஓரங்கட்டினான்.

"ஆஸ்பத்திரி இல்லடா மாப்ள. உன்னை ஊருக்கு ஏத்திவிடச் சொல்லிட்டாங்க. நீ போயிட்டா அப்புறம் கேக்க ஆளில்ல."

மச்சினன் கட்டுப்போட்ட கையையே பார்த்திருந்தான்.

"முன்னாடி ஏத்திவிட்டீங்களே மாமா, அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

ஸ்டியரிங் வண்டியைக் கிளப்பினான். வேனைத் தொழிலாளர் அலுவலகத்துக்குத் திருப்பினான். அங்கே மச்சினன் சொன்னதையெல்லாம் மொழிபெயர்த்தான். தான் ஏற்றிவிட்டவர்களைப் பற்றியும் கேட்காமலே சொன்னான்.

வழக்குப் பதிவானதால் மச்சினனை யாரும் அனுப்ப முடியவில்லை. ஆனால் ஸ்டியரிங்கின் விசா ஏஜென்சியின் கையில் இருந்தது. அதை ரத்து செய்தார்கள்; அவனை அதே வேனில் புது டிரைவர் விமான நிலையத்தில் இறக்கிவிட்டான். வழிநெடுக அந்த டிரைவர் ரோட்டைத்தான் பார்த்தான்.

வழக்கு இன்னும் இழுக்கிறது. மச்சினன் வேலை செய்யவும் அனுமதியில்லாமல் யாரோ கொடுத்த அறையில் காத்திருக்கிறான். இங்கே ஊரில் ஸ்டியரிங் தண்ணீர் லாரி ஓட்டுகிறான். வெளிநாடு போகிறவர்கள் நல்ல ஏஜென்சி எது என்று கேட்டால், "அடிபட்டா யாரு பொறுப்புன்னு கேட்டுட்டுப் போங்க" என்கிறான். தலையாட்டிவிட்டு வேறு ஆளைத் தேடிப் போகிறார்கள்.

"அவனைத் தனியா விட்டுட்டு வந்துட்டீங்களே" என்று மனைவி ஒரே ஒருமுறை சொன்னாள். தம்பி போன் செய்தால் வாசலுக்கு எடுத்துப் போய்ப் பேசுகிறாள். ஸ்டியரிங்கிடம் தருவதில்லை, அவனும் கேட்பதில்லை.