கதவோரப் பெட்டிகள்

சந்தையில் அவளுக்கு ‘அடிக்கூடை’ என்று பெயர். எந்தக் கூடையை நீட்டினாலும் மேலே இருப்பதை ஏறிட்டும் பார்க்கமாட்டாள். முழங்கை வரை உள்ளே விட்டு, அடியில் கிடப்பதை எடுத்து முகர்ந்துவிட்டுத்தான் விலையே கேட்பாள். கணவர் போன பிறகு அந்தக் கையையும் மூக்கையும் நம்பியே இரண்டு மகள்களை ஆளாக்கினாள். மற்றபடி யாரையும் நம்பியதில்லை.

எல்லைக்கு அப்பாலிருந்து திராட்சை இறக்குமதி செய்யத் தொடங்கியபோது, வெளியாள் ஏமாற்றுவான் என்று சோதனைச்சாவடி வேலையைத் தம்பியிடம் கொடுத்தாள். இப்போது தம்பி மேலேயே சந்தேகம் விழுந்துவிட்டது.

அவளுக்குப் போட்டியாகத் திராட்சை கொண்டுவரும் கண்ணாடிக்காரரின் லாரி காலையில் வந்தால் மதியத்துக்குள் வெளியே போய்விடும். அவளுடையது மட்டும் சாவடி முற்றத்தில் கிடக்கும். ஒரு பெட்டி விடாமல் வெயிலில் இறக்கிப் பூச்சி தேடுவார்கள். அதற்குள் காம்பு பழுப்பேறிவிடும். குலையைத் தூக்கினால் பழம் பொலபொலவென்று உதிரும். போன லோடு அப்படித்தான் குப்பைக்குப் போனது. இதுவும் போனால் கடையை மூட வேண்டியதுதான்.

போதாக்குறைக்குத் தம்பி போனில் சொன்னது வேறு உறுத்திக்கொண்டிருந்தது.

“அக்கா, பொறுக்கின பழமா கதவோரம் அடுக்கச் சொல்லாத. எல்லாத்தையும் கலந்து ஏத்தச் சொல்லு.”

நல்ல பழத்தை உள்ளே தள்ளினால் யாருக்கு லாபம்? கதவைத் திறந்ததும் அதிகாரியின் கண்ணில் நல்லது படக்கூடாது என்று இவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? யோசிக்க யோசிக்க அந்தப் பேச்சில் கண்ணாடிக்காரரின் குரல் கேட்டது. கதவோரம் பொறுக்கியெடுத்த பழப் பெட்டிகளை வழக்கத்தைவிடக் கூடுதலாகவே அடுக்கச் சொன்னாள். தம்பிக்குத் தெரியாமல் சாவடிக்கும் கிளம்பிவிட்டாள்.

சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று. முற்றத்தின் ஓரத்தில் தம்பி கண்ணாடிக்காரரோடு குழைந்து சிரித்துக்கொண்டிருந்தான். அவர் ஒரு லாரிச் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார்.

“ரொம்ப நாள் பழக்கமோ?”

தம்பி திடுக்கிட்டுத் திரும்பினான். “நீ எப்பக்கா வந்தே?”

“வரக்கூடாத நேரத்துல வந்துட்டேனா? சாவி எதுக்கு? கூலியா?”

தம்பியின் முகம் செத்துவிட்டது. கண்ணாடிக்காரர்தான் பேசினார். “ஏம்மா, என் வண்டி ஒண்ணு காலியாத் திரும்பிப் போகுது. குளிர் மிஷின் ஓடிட்டிருக்கு. உங்க பெட்டிங்களை வெயில்ல வைக்காம அதுல வச்சுக்கட்டுமான்னு காலைலேருந்து கெஞ்சுறான் உங்க தம்பி. கால்ல விழாத குறை.”

“நீங்க எதுக்கு எனக்கு உதவணும்?”

“நாளைக்கு என் வண்டி நிக்காதுன்னு என்ன நிச்சயம்?”

அவள் அதையும் நம்பவில்லை. நேராகச் சோதனைக் கொட்டகைக்குப் போய், கையுறை மாட்டிக்கொண்டிருந்த பெண் அதிகாரியின் முன்னால் நின்றாள். “என் வண்டியை மட்டும் நிறுத்துறீங்களே மேடம், யார் சொல்லி?”

“சொல்ல ஆள் வேற வேணுமா?” அதிகாரி லாரிக் கதவைக் காட்டினார். “முன்னாடி பாருங்க, போட்டோவுக்கு வச்ச மாதிரி ஒவ்வொரு குலையும். பின்னாடி சாதாரணப் பழம். அந்தக் கண்ணாடிக்காரர் வண்டியில எல்லாம் ஒரே கலவை, எதை எடுத்தாலும் ஒண்ணுதான். இங்க இவ்வளவு ஜோடிச்சா, உள்ள எதையோ மறைக்கிறாங்கன்னுதானே தோணும்? உங்க தம்பிகிட்ட போன லோடுக்கே சொன்னேன். இன்னைக்கு ஜோடனை இன்னும் கூடியிருக்கு.”

சொல்லிவிட்டு ஒரு பெட்டியை இழுத்தார். மேலே இருந்த குலைகளை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. கையுறை அடிவரை போயிற்று. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பூச்சி எதுவும் இல்லை. பார்த்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. கண்ணாடிக்காரரின் குளிர்வண்டியில் இருந்ததால் காம்புகள் பச்சையாகவே தப்பின. தம்பி பெட்டிகளைத் திரும்ப அவள் லாரிக்கு மாற்றி ஏற்றினான். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

“டேய், அடுத்த லோடு கலந்தே ஏத்தச் சொல்றேன்.”

“சொல்லு. நான் வரணுமா, வேற ஆள் பாக்குறியா?”

மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. ஒரு பெட்டியை எடுத்து நீட்டினாள். “பிள்ளைங்களுக்குக் கொண்டு போ.”

தம்பி வாங்கி லாரிப் படியில் வைத்தான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மேல் குலைகளை ஒதுக்கினான். கையை அடிவரை விட்டு ஒரு பழத்தைப் பிய்த்து, மூக்கருகே கொண்டுபோய் நிதானமாக முகர்ந்தான்.

அவன் அதைத் தின்று முடிக்கும்வரை அவள் நின்றாள்.