செண்டுமல்லி மாலையும் முதல் கியரும்

கரோல் பாக்கில் நாங்கள் குடியிருந்த தெருவில் அப்போது ஸ்கூட்டர் ஓட்டும் பெண் ஒருத்திகூட இல்லை. அம்மா அப்பாவிடமே கற்றுக்கொண்டாள். விஜயதசமியன்று அப்பா துணையில்லாமல் ஒரு சுற்று ஓட்டிக் காட்டிவிட்டால் திங்கட்கிழமை முதல் வண்டி அவளுக்கு. அவள் ஆபீஸுக்குத்தான் பஸ் மாறிப் போக வேண்டியிருந்தது. அப்பா அரை மனதோடு ஒப்புக்கொண்டிருந்தார்.

முந்தின நாள் ஆயுத பூஜை. ஊரில் என்றால் ஒரு முழம் மல்லிகையோடு போயிருக்கும். டெல்லியில் கிடைப்பது வடக்கயிறு கனத்தில் செண்டுமல்லி மாலை. அதை அப்பா ஹாண்டில்பாரில் சுற்றி, பக்தியோடு இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்.

மறுநாள் காலையில் அம்மா உதைத்ததும் வண்டி கிளம்பியது. முதல் கியர் போட்டாள், நின்றுவிட்டது. மறுபடி உதைத்தாள். கியர் போட்டதும் மறுபடி நின்றது. பால்கனிகளில் தலைகள் கூடின.

"கிளட்சை மெதுவா விடணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்," என்று அப்பா தானே ஏறி உட்கார்ந்தார். அவருக்கும் நின்றது. உடனே கீழ்வீட்டு ஹிந்திக்காரர், "பிளக் மே கச்ரா ஹை, பாய்சாப்," என்று ஸ்பானரோடு வந்துவிட்டார். அம்மாவுக்கு நின்றால் கை சரியில்லை. அப்பாவுக்கு நின்றால் பிளக்கில் அழுக்கு.

அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. "நியூட்ரல்ல நல்லாத்தானே ஓடுது? அப்ப பிளக் இல்ல. நான் கிளட்சை இன்னும் விடவே இல்ல, அதுக்குள்ள நிக்குது. அழுத்தியும் கிளட்ச் விடுபடலைங்க." லீவரை அழுத்திப் பார்த்தாள். பாதியோடு நின்றது. அதன் இடுக்கில் அப்பாவின் முடிச்சு, நசுங்கிய பூக்களோடு.

சாமி மாலையை அறுக்க அப்பா தயங்கினார். அம்மா அதை அவிழ்த்து என் கழுத்தில் போட்டு, என்னை வண்டியில் தனக்கு முன்னால் நிற்கவைத்துக் கியர் போட்டாள். வண்டி திமிறாமல் நகர்ந்தது. பெரிய ரோடு வரை போய்வந்தோம். அன்று என்னைப் போல் கர்வம் பிடித்த பெண் டெல்லியிலேயே இருந்திருக்க மாட்டாள்.

திங்கட்கிழமை அப்பா பஸ் ஸ்டாப்பில் நின்றார். தன் மாலையால் வண்டி நின்றதையும் அம்மா கண்டுபிடித்ததையும் கூட நின்றவர்களிடம் நடித்தே காட்டிக்கொண்டிருந்தார். ஸ்கூல் பஸ்ஸுக்காக நின்ற எனக்கு மானம் போயிற்று. தன் அசட்டுத்தனத்தை ஒருவர் இப்படியா ஊரறியச் சொல்வார்? அவரும் பெருமைதான் அடித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.