அண்டாவில் பிரிந்த போர்வை

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் அரசு நர்ஸாக வேலை பார்த்தேன். ஜமுனாமரத்தூரில் இறங்கி இரண்டு மணி நேரம் காட்டு வழியாக நடந்தால் வரும் ஒரு சிற்றூரும் என் பொறுப்பில் இருந்தது. மாற்றலாகி வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

என்னைக் கண்டாலே அந்த ஊர்க் கர்ப்பிணிகள் வீட்டுக்குள் போய்விடுவார்கள். ரண ஜன்னி என்கிற டெட்டனஸுக்குத் தடுப்பூசி போட மூன்று முறை போயும் ஒருத்திகூடக் கையை நீட்டவில்லை. கருத்தடை ஊசி என்று பயம். நெருக்கடி நிலையின்போது ஊர் ஊராக ஆள் பிடித்துக் கருத்தடை செய்ததைக் கேள்விப்பட்டிருந்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. என் பதிவேட்டில் இறந்த குழந்தைகளுக்கான கட்டமும் காலியாகவே இருந்தது. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், "ரெண்டு கீதுங்க நர்சம்மா" என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

நான்காவது முறை சிரங்குக்கு மருந்து கொண்டுபோனேன். மருந்து மட்டும் போதாது, உடுத்துவது, போர்த்துவது எல்லாவற்றையும் கொதிக்க வைக்க வேண்டும் என்று சொல்லி, ஊர் நடுவே அண்டா வைத்துச் சலவை சோடாவைக் கொட்டினேன். அந்த ஊரில் பிரசவம் பார்க்கும் பெண், நாற்பது வயதுக்காரி, இரண்டே இரண்டு புடவையோடு வந்து நின்றாள். மற்றதை ஒளித்து வைத்திருப்பாளோ என்று எனக்குச் சந்தேகம். நேராக அவள் வீட்டுக்குள் நுழைந்தேன். பரண் மேல் கனமான போர்வை ஒன்று சுருட்டியிருந்தது. பழந்துணித் துண்டுகளை ஒட்டு ஒட்டாக வைத்துத் தைத்தது. சில துண்டுகள் தொட்டாலே இற்றுப்போகும் போலிருந்தன.

"அத்த மட்டும் வுட்டுடுங்க நர்சம்மா. யாரும் போத்திக்கறதில்ல" என்றாள்.

நான் காதில் வாங்கவே இல்லை. இந்த அழுக்கில்தான் சிரங்கு வருகிறது என்று திட்டிக்கொண்டே கொண்டுபோய் அண்டாவில் அமுக்கினேன்.

கொஞ்ச நேரத்தில் தையல் விட்டு, துண்டு துண்டாக மிதந்தது. துணி கிளற நான் வைத்திருந்த கொம்பை அவள் வாங்கி ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பாறை மேல் விரித்தாள். மற்ற பெண்களும் வந்து குனிந்தார்கள். ஒருத்தி நீலத் துண்டு ஒன்றைத் தொட்டு, "இது என்னுது. எட்டு நாளு" என்றாள். இன்னொருத்தி, "இது சாமை வெளையாத வருசம். எங்க அத்தையோடது. ஏழு நாளு" என்றாள்.

"இன்னா ஏழு நாளு?" என்று கேட்டேன்.

அப்போதுதான் சொன்னார்கள். அந்த ஊரில் பிறந்து தங்காமல் போன ஒவ்வொரு குழந்தைக்கும், அதை ஏந்திய துணியிலிருந்து ஒரு துண்டு. நாள் கணக்கு, அது உயிரோடு இருந்த நாள். போர்வை வைத்திருந்தவளின் மாமியாருக்கும் மாமியார் காலத்திலிருந்து, பிரசவம் பார்ப்பவள்தான் தைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். பெயர் வைக்குமுன் போன பிள்ளைகளை வாய்விட்டு எண்ணுவதில்லை. அந்தத் துண்டோடு சரி.

அங்கேயே உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் பாட்டுக்கு, ரோடு போட வந்தப்போ பொறந்தது, பெருமழை வருசத்துது என்று துண்டுகளுக்கு அடையாளம் சொல்லிக்கொண்டே போனார்கள். ஏழு நாள், எட்டு நாள், மறுபடி எட்டு நாள். ஏழெட்டு நாளில் பிள்ளையைக் கொண்டுபோகும் நோய் என்று பயிற்சியில் படித்தது சட்டென்று உறைத்தது. எப்படிப் போனது என்று கேட்டேன்.

"வாயக் கட்டிக்கிச்சி. பால் எறங்கல. ஒடம்பு வில்லாட்டம் வளைஞ்சிகிச்சி."

ரண ஜன்னிதான். தொப்புள்கொடி அறுக்கும் அரிவாளையும், மேலே வைக்கும் சாம்பலையும் காட்டி, அதிலிருந்துதான் நோய் ஏறுகிறது, தாய்க்குப் போடும் ஊசி பிள்ளையையும் காக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் தன் கைகளையே பார்த்தாள். "அப்போ என் கையாலயா?" என்றாள்.

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்? தெரிஞ்ச நானும் ஊசிய மட்டும் காட்டினேனே தவிர, எதுக்குன்னு உக்காந்து சொல்லலியே" என்றேன்.

அவள் எழுந்து போய் ஆறு மாதக் கர்ப்பிணியான தன் மகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். "இவளுக்குப் போடுங்க." அன்றைக்கு ஊசி போட்டுக்கொண்டது அந்த ஒருத்திதான்.

அடுத்த மாதம் இரண்டாவது ஊசியும் போட்டேன். பிரசவத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்தோம். புது பிளேடு, கொதிக்க வைத்த நூல். எட்டாம் நாள் மலையேறிப் போனபோது குழந்தை சப்புக்கொட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு மற்றவர்களும் கையை நீட்டினார்கள்.

போர்வையை அவள் திரும்பத் தைத்துவிட்டாள். ஆனால் மூன்று துண்டுகள் சோடாவில் நிறம் போய் வெளுத்துவிட்டன. யாருடையவை என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. எத்தனையோ பிரசவம் பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்த மூன்று குழந்தைகள் அந்த ஊரில் பிறந்தார்கள் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை நல்லது செய்வதாக நினைத்து அழித்தவள் நான் என்பது மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.